இருபத்திரண்டு கிலோ சிறுத்தை

சிறுத்தையைச் சிறியதாக்குவது கக்கூஸ் கட்டுவதைவிடச் சுலபம் என்று அரசாங்கம் முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இருந்தேன் என்ன, அந்த யோசனையே என்னுடையதுதான். என் பெயர் பியூலா ஞானதீபம். பூனைக் குடும்பத்து மிருகங்களின் மரபணுக்களுக்குள் இருபது வருடம் தலையை விட்டிருந்தவள். ஆய்வகத்தைத் தாண்டி வெளியே வராதவரை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

பனிக்குடி எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் லைன் என்பது ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினாறு வீடுகள். பின்னால் தேயிலை. தேயிலைக்குப் பின்னால் காடு. கக்கூஸ் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. அந்தி சாய்ந்தபின் செம்பும் கையுமாகத் தேயிலை மறைவுக்குப் போகிறவர்களில் வருடத்துக்கு இரண்டு பேரைச் சிறுத்தை பிடித்தது. நிற்கிற மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சிறுத்தைதான். உட்கார்ந்திருக்கும் மனிதன் அதற்கு ஏதோ ஒரு மான்குட்டி.

பன்னிரண்டு வருடமாக லைன் மக்கள் கேட்டது கக்கூஸும் விளக்கும். நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் எப்படிக் கட்டுவது என்று கம்பெனி கேட்டது. வீடுகள் கம்பெனியுடையவை, நாங்கள் எப்படிக் கட்டுவது என்று அரசாங்கம் கேட்டது. இரண்டு பேரும் கேட்டது நியாயமான கேள்விதான். சிறுத்தை மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் என் கண்டுபிடிப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். திட்ட இயக்குநர் குழந்தைவேலு சார் என்னை வரவேற்றார். ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை, அதற்கேற்ற குரல். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டர் கொட்டகையில் லைன் மக்களைக் கூட்டி உட்காரவைத்து, "மேடம் விளக்குவாங்க, கவனமா கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஒரு தெருவுல பெரிய ஓட்டல் ஒண்ணு, மெஸ் ஒண்ணு, தள்ளுவண்டி ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கங்க" என்று ஆரம்பித்தேன். "மூணுலயும் இட்லிதான். ஆனா மூணு பேரும் ஒரே மாதிரி கடை போட்டா ஒருத்தரை ஒருத்தர் அழிச்சிடுவாங்க. அதனால ஒருத்தன் பெரிசாயிடறான், ஒருத்தன் நடுவுல நிக்கறான், ஒருத்தன் சின்னதாவே இருந்துக்கறான். காட்டுலயும் இதே கதைதான். புலி, சிறுத்தை, காட்டுப்பூனை மூணும் ஒரே குடும்பம், மூணுக்கும் கறிதான் சாப்பாடு. ஒரே சைஸ்ல இருந்தா ஒரே இரைக்கு அடிச்சுக்கணும். அதனால ஒண்ணை ஒண்ணு பார்த்து, விலகி விலகி, ஆளுக்கொரு அளவுல நின்னுடுச்சு. உங்க மலையில இப்ப புலி இல்ல. பெரிய ஓட்டலை மூடிட்டாங்க. மெஸ்ஸுக்காரன் என்ன பண்ணுவான்?"

"செவத்த இடிச்சுக் கடைய அகலமாக்குவான்" என்றது ஒரு குரல்.

பேச்சியம்மாள். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கோடுகள், சிறுத்தை போட்டுவிட்டுப் போனவை. என் பல்கலைக்கழகத்தில் இந்தப் பதிலை வாங்க மாணவர்களுக்கு ஒரு பருவம் பிடிக்கும்.

"அதேதாம்மா. புலி இல்லாததால உங்க சிறுத்தை ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகுது. அதுக்குப் பல ஆயிரம் வருஷம் ஆகும். என்கிட்ட ஒரு சாவி இருக்கு. யாருக்கும் நோய் தராத ஒரு வைரஸ். அதைக் கறியில வெச்சு சிறுத்தைக்குக் குடுத்துட்டா, பல ஆயிரம் வருஷத்து வேலை ஒரே பிரசவத்துல நடக்கும். சினையா இருக்கும்போது தாய் புலி வாசனையை மோந்துட்டே இருந்தா, மேல பெரியவன் இருக்கான்னு உடம்பு முடிவு பண்ணும். குட்டி சின்னதாப் பிறக்கும், சின்னதாவே வளரும். வாசனை இல்லேன்னா பெருசா வளரும். நாங்க காடு ஓரமா முந்நூறு கம்பம் நட்டு, செயற்கையாப் புலி வாசனை தெளிக்கப் போறோம்."

"முந்நூறு கம்பமா?"

"ஆமா."

"கம்பந்தான் நடுறீங்களே, அதுலயே ஆளுக்கொரு பல்பையும் மாட்டி விட்ருங்களேன்."

கொட்டகை சிரித்தது. குழந்தைவேலு சார் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அது வேற துறைம்மா" என்றார்.

பேச்சியம்மாள் உட்காரவில்லை. "சரி, டாக்டரம்மா. சிறுத்த சின்னதாயிருச்சுன்னே வெச்சுக்குவோம். பொறவு அது என்னத்தத் திங்கும்?"

"சின்னதா எதையாவது திங்கும்" என்றார் குழந்தைவேலு சார். இப்போது அதிகாரிகள் வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன்.

கம்பங்கள் வந்தன. புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் திரவத்தில், பாசுமதி அரிசி வேகும்போது வருகிற அதே வாசனை இருக்கிறது. கம்பத்துக்குக் கிட்டே போனால் மூத்திர நாற்றம், பத்தடி தள்ளி நின்றால் கல்யாண வீட்டுப் பந்தி. ஏழாம் நம்பர் லைனில் ரேசன் அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு ஆறு வருடம் பிரியாணி வாசனையில் வாழ்ந்தார்கள். "கம்பத்துக்குப் பாசுமதி, எங்களுக்குக் குருணையா?" என்று பேச்சியம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

திட்டம் வெற்றி. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதான் கோளாறு. ஐம்பது கிலோ இருந்த சிறுத்தை முப்பத்தைந்துக்கு வந்தது, பிறகு இருபத்திரண்டில் நின்றது. கால் குச்சியாக, தலை மட்டும் கம்பீரமாக, கண்காட்சியில் வைக்கலாம் போல இருந்தது. நான்காவது வருடம் பெரியவர்கள் மீது தாக்குதல் ஒன்று. ஐந்தாவது வருடம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு லட்டு கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு பதக்கம் வந்தது. குழந்தைவேலு சார் அதைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு என்னிடம் கொடுத்தார்.

லைனில் கோழிகள் காணாமல் போக ஆரம்பித்தன. அடுத்து நாய்கள். பிறகு ஆட்டுக்குட்டிகள். இருபத்திரண்டு கிலோ உடம்பால் ஒரு கடமானை மறிக்க முடியாது, காட்டுப்பன்றியை நினைத்துப் பார்க்கவே முடியாது. உடம்பு சுருங்கினால் இரையும் சுருங்கத்தான் வேண்டும். சின்ன இரை எங்கே கிடைக்கும்? காட்டுக்குள்ளே அல்ல, வீட்டு வாசலில். ஐம்பது கிலோச் சிறுத்தை வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்த இடத்தில், இருபத்திரண்டு கிலோச் சிறுத்தை தினமும் அடுப்படி வரை வந்தது. இதையெல்லாம் களக் குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன். மூன்றாம் பிற்சேர்க்கையாக அறிக்கையில் சேர்த்தேன். மூன்றாம் பிற்சேர்க்கையைப் படித்த அதிகாரி இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சேர்த்தேன்.

பேச்சியம்மாளின் மகள் இசக்கிக்கு ஒரு பெண் குழந்தை, மகிழ். மூன்று வயது. அங்கன்வாடித் தராசில் பத்தரை கிலோ. ஐப்பசி மாதத்தில் ஒருநாள், மாலை ஆறே முக்கால் மணிக்கு, வயிறு சரியில்லை என்று குழந்தை அழுதது. இசக்கி அதைத் தேயிலை ஓரம் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் போனாள். எட்டு அடி தூரம். செம்போடு திரும்பி வந்தபோது குழந்தை இல்லை.

மறுநாள் காலையில் தேடிப் போனவர்களோடு நானும் போனேன். ஓடைப் பக்கம் கிடைத்தது. தடம் என்னுடைய சிறுத்தையின் தடம். அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த அளவை வடிவமைத்தவளே நான்தான். ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பேச்சியம்மாள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அன்னைக்கு நான் கேட்டனே டாக்டரம்மா" என்றாள். அவ்வளவுதான்.

குழந்தைவேலு சார் கோப்பைப் பார்த்தார். கோப்பின்படி பனிக்குடிச் சிறுத்தைகள் மனிதர்களுக்கு ஆபத்தற்ற அளவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டன. ஆகவே ஆபத்து ஏற்பட்டிருக்க முடியாது.

"செந்நாயா இருக்கும் மேடம்."

"இந்தப் பக்கம் செந்நாயைப் பார்த்து முப்பது வருஷம் ஆச்சு சார்."

"அப்ப திரும்ப வந்திருக்கு. நல்ல செய்திதானே? அதையும் அறிக்கையில சேர்த்துடுங்க."

நான் சேர்க்கவில்லை. அவரே சேர்த்துக்கொண்டார்.

அதே வாரத்தில்தான் அறிவிப்பு வந்தது. ஐந்தாம் ஆண்டுப் பூஜ்யத்தைக் கொண்டாட வனத்துறை அமைச்சரே பனிக்குடிக்கு வருகிறார், ஏழாம் நம்பர் லைனில் மக்களோடு அமர்ந்து தேநீர் அருந்துகிறார். போன் வந்தபோது நான் குழந்தைவேலு சாரின் அறையில் இருந்தேன். தலைமைச் செயலகத்திலிருந்து போன் என்றால் அந்த ஆறடி மனிதர் ஐந்தேகால் அடிக்கு வந்துவிடுவார். வைத்துவிட்டு நிமிர்ந்து, டிரைவரைக் கூப்பிடும்போது ஆறேகால். மேலே பெரியவன் இருந்தால் சுருங்குவது, இல்லாவிட்டால் வீங்குவது. என் வைரஸ் இல்லாமலே இது எப்படி நடக்கிறது என்று தனியாக ஆராயலாம்.

அமைச்சர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று நம் மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பதினெட்டு வருடம் வராதது இரண்டே நாளில் வந்தது. லைனைச் சுற்றி ஜெனரேட்டரோடு நாற்பது விளக்கு. அமைச்சரோடு வரும் கட்சிக்காரர்களுக்காகவும் போலீஸ்காரர்களுக்காகவும் ஆறு நடமாடும் கழிப்பறை. தினமும் தண்ணீர் லாரி. பாதையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. எங்கே பார்த்தாலும் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர்.

மூன்றாவது நாள் காலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஏதோ குறைவதுபோல இருந்தது. பாசுமதி வாசனை இல்லை. கம்பங்களைப் பார்த்தேன். நான்கு பேர் நின்று ஒவ்வொரு கம்பத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசனை தெளிக்கும் பெட்டிகளை மூடி, அதன்மேல் மூவர்ணத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

ஓடிப் போய் இயக்குநரைப் பிடித்தேன். "சார், இது சினைக்காலம். இப்ப வாசனையை நிறுத்தினா புலி போயிடுச்சுன்னு அர்த்தம். பிறக்கிற குட்டி எல்லாம் எதிர்ப்பக்கமா வளரும். பழைய அளவோட நிக்காது."

"மேடம், நீங்க மிருகத்தோட மூக்கைப் பத்தித்தான் யோசிக்கிறீங்க. நான் பத்திரிகைக்காரன் மூக்கைப் பத்தி யோசிக்கணும். குழந்தை செத்த ஊர்ல பிரியாணி விருந்துன்னு போட்டான்னா யார் பதில் சொல்றது? நாலு நாள்தானே?"

குழந்தையைச் செந்நாய் தின்றதாக எழுதிய அதே மனிதர். அந்தக் குழந்தையை அவர் மறக்கவில்லை, பத்திரிகைக்காரனுக்காக நினைவில் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த பிளீச்சிங் வாளியை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், அவ்வளவுதான் முடிந்தது.

நாலு நாள் கழித்து அமைச்சர் வரவில்லை. சட்டசபை கூடிவிட்டது. பயணம் தள்ளிவைப்பு. பதினைந்து நாள் கழித்து வருவதாகச் சொன்னார்கள், மழை. அடுத்த தேதியில் அவருடைய மைத்துனர் வீட்டுக் கல்யாணம். அதற்கடுத்த தேதியில் நாள் சரியில்லை. ஒவ்வொரு முறையும் தள்ளிவைப்புதான், ரத்து இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தள்ளிவைத்தால் ஏற்பாடுகள் அப்படியே நிற்க வேண்டும், எந்த நிமிடமும் கார் வந்து நிற்கலாம். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ஐந்து மாதமும் விளக்கு எரிந்தது, கழிப்பறை நின்றது, மூன்று நாளைக்கொருமுறை கம்பங்களைக் கழுவினார்கள்.

அந்த ஐந்து மாதத்தில் ஏழாம் நம்பர் லைனில் ஒரு கோழிகூடப் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் விளக்குக்குக் கீழே பாண்டி ஆடினார்கள். இசக்கி மறுபடி உண்டாகியிருந்தாள். கையில் வாளியோடு நேராகக் கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பயமில்லாமல் திரும்பி வந்தாள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு பெண் பயமில்லாமல் கக்கூஸுக்குப் போய்வந்ததை இவ்வளவு விரிவாக எழுதவேண்டிய நாட்டில், நான் வைரஸ் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. பயணம் ரத்து. இரண்டு மணிக்கு லாரி வந்துவிட்டது. ஒரு கக்கூஸ் கட்டப் பதினெட்டு வருடம் யோசிக்கிற அரசாங்கத்துக்கு ஆறு கக்கூஸைத் தூக்க மூன்று மணி நேரம் போதும். லைனே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பேச்சியம்மாள் நேராக என் ஜீப்புக்கு வந்தாள்.

"எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க, டாக்டரம்மா?"

"அமைச்சர் வரலைன்னு சொல்லிட்டாராம்."

"இத்தன நாளும் அவரு வரலதான?"

"வரலைதான். ஆனா வர்றேன்னு சொல்லிட்டிருந்தாரு."

லாரியில் ஆறாவது கழிப்பறையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவரு வரவே வேணாம்" என்றாள். "வர்றேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு யாருக்கு எழுதணும்?"

ஜீப் கதவைத் திறந்து இறங்கினேன்.

"நீங்க படிச்சவக. ஒரு தடவ எங்களுக்குன்னு எழுதுனீக, எம்பேத்தி போயிட்டா. இன்னொரு தடவ எழுதுங்க. எம்மவளுக்குச் சித்திரையில பேறுகாலம். பொறக்குறத எங்கெ ஒக்காத்தி வெக்கச் சொல்றீக?"

அன்றைக்கு மாலையே துறைத் தாளில் அமைச்சருக்கு எழுதினேன். பனிக்குடித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தாங்கள் நேரில் வந்து தொடங்கிவைக்க வேண்டும், தங்கள் பொற்கரங்களால் என்றெல்லாம். இரண்டாம் கட்டம் என்று ஒன்று கிடையாது. எனக்கு ஐம்பத்தோரு வயது, அதுவரை ஒரு புள்ளிவிவரத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது: 'மாண்புமிகு அமைச்சர் அவர்களின் வருகை பரிசீலனையில் உள்ளது. தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.'

குழந்தைவேலு சார் அதைப் படித்தார். ஐந்தேகால் அடிக்கு வந்தார். லாரியைத் திரும்ப வரச்சொல்லிப் போன் போட்டார்.

சித்திரையில் இசக்கிக்குப் பையன் பிறந்தான். வெற்றி என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம். உலக வன நாள், உலகப் பூனை நாள், கம்பங்களுக்குப் பொன்னாடை, ஏதாவது ஒன்று. நடுவில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. மாறின ஆட்சியிலும் அமைச்சர் இருந்தார், அவரும் வருவதாக இருந்தார். எந்த ஆட்சியிலும் பிளீச்சிங் பவுடர் மட்டும் தவறவில்லை. குழந்தைவேலு சார் பதவி உயர்ந்து தலைநகருக்குப் போனார். அங்கே அவருக்கு மேல் நிறைய பேர் இருக்கிறார்களாம், அடையாளமே தெரியவில்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அவர் நாற்காலிக்கு ஆள் போடாமல், "இயக்குநர் பொறுப்பு" என்று என்னை உட்காரவைத்தார்கள்.

சிறுத்தைகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து மாதம் கம்பம் கழுவியபோது பிறந்த குட்டிகள் முதல் வருடத்திலேயே தாயைவிடப் பெரிதாக நின்றன. தானியங்கிக் காமிராவில் பார்த்துவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டாம் வருடம் அறுபது கிலோ. மூன்றாம் வருடம் ஒன்றுக்குக் கழுத்துப் பட்டை மாட்டினோம், எண்பத்து நான்கு. மெஸ்ஸுக்காரன் சுவரை இடித்துவிட்டான்.

இடித்தவன் கடையை மேலே மாற்றிக்கொண்டான். எண்பத்து நான்கு கிலோ வயிற்றுக்குக் கோழி பல்லிடுக்குக்குக் காணாது. அப்படி வளர்ந்த ஏழு சிறுத்தைகளும் ஏறி மேல்சோலைக்குப் போய்விட்டன, கடமானும் காட்டுப்பன்றியும் அங்கேதான் இருக்கின்றன. இருபத்திரண்டு கிலோக்காரர்களை வழியில் துரத்தின, சிலதைக் கொன்றன. கழுத்துப் பட்டையின் கணக்குப்படி பட்டைக்காரன் லைனுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வந்தே பதினான்கு மாதம் ஆகிறது. பயம் விட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். எண்பத்து நான்கு கிலோ என்பது எண்பத்து நான்கு கிலோ. விளக்கு அணைந்து, தேயிலைக்குள் மறுபடி ஆள் உட்கார ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அறிக்கையில் மட்டும் சிறுத்தை இன்னும் இருபத்திரண்டு கிலோதான். நான் மாற்றவில்லை. கழுவியது யார், ஏன் கழுவினார்கள் என்று எழுதவேண்டி வரும். எழுதினால் கம்பத்துக்கு மறுபடி வாசனை வரும்.

போன வாரம் திங்கட்கிழமை போன் வந்தது. புது அமைச்சரின் நேர்முக உதவியாளர். உற்சாகமான குரல்.

"மேடம், வாழ்த்துகள். அமைச்சர் பதினேழாம் தேதி பனிக்குடி வர்றார்."

"பரிசீலனையில..."

"பரிசீலனை எல்லாம் இல்ல மேடம், கண்டிப்பா வர்றார். ஹெலிகாப்டர் சொல்லியாச்சு. உங்க கடிதம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் படிச்சிட்டார். இவ்வளவு ஆசையா ஒரு அதிகாரி கூப்பிடறாங்களேன்னு மனசு இளகிப்போயிட்டார்."

அமைச்சர் பதினேழாம் தேதி வந்தால், பதினெட்டாம் தேதி லாரி வரும். மூன்று மணி நேரம்.

ஜன்னல் வழியே லைன் தெரிந்தது. வெற்றி ஒரு பிளாஸ்டிக் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். மூன்று வயது. முந்தாநாள் அங்கன்வாடியில் பதின்மூன்று கிலோ. மகிழ் இருந்திருந்தால் இரண்டாம் வகுப்பு போயிருப்பாள்.

"ஒரே ஒரு சின்ன விருப்பம் மேடம்" என்றார் உதவியாளர். "குழந்தைகள் தினம் வருதில்ல? அந்தச் சின்னச் சிறுத்தை ஒண்ணை மடியில வெச்சுக்கிட்டு அமைச்சர் ஒரு படம் எடுத்துக்கணும்னு பிரியப்படறார். இருபத்திரண்டு கிலோதானே, சமாளிச்சுக்குவார்."

மூன்று வருடமாகப் பொய் எழுதிய பழக்கம். இன்னொரு பொய் தேடினேன். கிடைக்கவில்லை. அப்போதுதான் தோன்றியது, உண்மையை இதுவரை முயற்சி செய்து பார்க்கவே இல்லையே என்று.

"சார், ஒரு விஷயம். மடியில வெக்க முடியாது."

"ஏன்? கடிக்குமா?"

"எண்பத்து நாலு கிலோ."

எதிர்முனையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அறிக்கையில இருபத்திரண்டுன்னு இருக்கே மேடம்?"

"அது பழைய கணக்கு சார். இப்ப வளர்ந்திடுச்சு. இன்னும் வளருது."

"எத்தனை இருக்கு?"

"ஏழு. ஹெலிகாப்டர் இறங்கறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு சார், மேல்சோலைப் புல்வெளி. ஏழும் அங்கதான் இருக்கு."

கையால் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது மங்கலாகக் கேட்டது. திரும்பி வந்தபோது குரலில் உற்சாகம் இல்லை, அக்கறை இருந்தது.

"இப்பத்தான் பார்க்கறேன் மேடம். பதினேழாம் தேதி அமைச்சருக்கு வேற ஒரு நிகழ்ச்சி இருக்கு."

ஒரு சொல்லில் இருந்தது எல்லாம்.

"அப்ப... ரத்துன்னு போட்டுக்கட்டுமா சார்?"

"சேச்சே! ரத்துன்னு போடாதீங்க, பயந்துட்டாருன்னு எதிர்க்கட்சிக்காரன் கிளப்பிவிடுவான். தள்ளிவெச்சதா போடுங்க."

"எந்தத் தேதிக்கு?"

"நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க மேடம். ஏற்பாடெல்லாம் மட்டும் அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா அமைச்சர் எந்த நிமிஷமும் வருவார்னு சொல்லுங்க."

போனை வைத்தேன். வெளியே கழிப்பறைக் கதவு திறந்து வெற்றி வந்தான், குவளையைக் கழற்றி விளக்குக் கம்பத்தில் ஒரு தட்டு தட்டினான், வீட்டுக்குள் ஓடினான். நான் பயணக் குறிப்பேட்டை எடுத்து, 'மாண்புமிகு அமைச்சர் வருகை' என்பதற்கு நேரே அடுத்த மாதம் பதினேழு என்று எழுதினேன். பேனாவை மூடப் போனவள், குறிப்பேட்டில் இடம் இருப்பதைப் பார்த்து, அதற்கடுத்த மாதத்தையும் எழுதிவைத்தேன்.